பத்துப் பொத்தான்

"ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தான்
லூசியானாவில் ஒரு தச்சன், ரெமி என்று பேர்.
பிள்ளையா பெறப் போகிறேன் என்று கேட்க நினைத்து
முன்பணம் மட்டும் அனுப்பினேன்.

செம்பனை ஆலையில் நான் எடைமேடைக் கிராணி.
பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பேர் மாற்றி வருஷக்கணக்காகிறது,
லோரிக்காரர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
குலையோடு உள்ளே வரும்போது ஓர் எண்,
கொட்டிவிட்டு வெளியே போகும்போது வேறோர் எண்.
அதே லோரி.
ஒரே பொத்தான், தள்ளினால் ஒரு சுரம்
இழுத்தால் இன்னொரு சுரம் என்று
எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கிள்ளானில் ஒரு கடையில் எண்ணூறு ரிங்கிட்டுக்கு
சிவப்பில் ஒன்று இருந்தது, பளபளவென்று.
விரித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் ஒலித்தது
பஸ் நிலைய அறிவிப்பைப் போல.
மூடி வைத்துவிட்டு
கடைக்காரரிடம் விசிறி விலை கேட்டேன், மரியாதைக்கு.

"ஏழாயிரமா?" என்றார் பரஞ்சோதி, என் வீட்டுக்காரர்.
"பழைய கஞ்சில் ஒன்று வாங்கினால்
மழையில் நனையாமல் வேலைக்குப் போகலாம்."
உங்கள் கஞ்சில்
பின்னால் போகும்போது வேறு சுரம் பாடுமா என்றேன்.
யோசித்தார். "பாடும்" என்றார்.
அன்று அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

பெட்டி வந்தது.
ரொட்டி டின் அளவு. தலைமேல் நாலு குமிழ்.
அலமாரி செய்கிற லிம் கோக் வா
மூலையை வெளிச்சத்துக்குத் திருப்பி
இணைப்பில் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் நிற்கவில்லை.
ஆணியைத் தேடினார். துருத்தியின் மடிப்புகளை எண்ணினார்.
நான் விலை சொன்னேன்.
நெடுநேரம் கழித்து
"கூலி குறைச்சலாய் வாங்கியிருக்கான்" என்றார்,
தனக்கே யாரோ பாக்கி வைத்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை, ஆலையில் ஆளில்லை,
எடைமேடை நடுவில் அதை வைத்துவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும்
எங்கள் கணக்கில் கிடையாது.

அதன் கணக்கிலும் சிலது கிடையாது.
சங்கராபரணம் முழுசாய் இருக்கிறது.
முதல் பாடமான மாயாமாளவகௌளைக்கே வழியில்லை.
இல்லாத சுரங்களின் இடத்தில்
விரல் போய்ப் போய்த் திரும்பி வந்தது,
பிறகு போவதை நிறுத்திக்கொண்டது.

நவம்பரில் மூன்றாம் பொத்தான் அமுங்கியதும் எழவில்லை.
ஈரம். என் குற்றம்தான் என்று நினைத்து
மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.
"இங்கேயும் சேறு, கரும்பு, கொசு, உப்பிப்போன கதவு.
ஈரத்தில் பிறந்தது அது, பயப்படாதே.
பின்பலகையைக் கழற்றி
இடதுபக்கத் திருகை அரைச்சுற்று தளர்த்து."

கழற்றினேன்.
உள்ளே பென்சிலில் 143 என்று எண்.
அதற்கடியில் ஒரு கோடு, கோணலாய்.
பக்கத்தில் சரியான கோடு.
முதலாவதை அவன் அழிக்கவில்லை.
அரக்கு வாசனை வந்தது, கொஞ்சம் புகையிலையும்.
திருகைத் தளர்த்தியபின்னும்
பலகையை மாட்ட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்,
வெளியே ஒரு லோரி ஹார்ன் அடிக்கும்வரை.

இப்போது மதியச் சோற்றுக்குப் பிறகு பத்து நிமிஷம்.
முற்றும் தேறவில்லை, இரண்டு மெட்டு வரும்.
நேற்று சுகியாந்தோ எஞ்சினை அணைத்து இறங்கி
மேடைமேலேயே நின்றான், சீட்டுக்காக.
நான் வாசித்து முடிக்கவில்லை.
அவன் பூட்ஸ் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது.

திரையில் 31,240.
31,260.
31,220.
31,260.

எண் நிலைக்காமல் சீட்டு அடிக்கக் கூடாது, அது விதி.
பின்னால் மூன்று லோரி.
காலை நிறுத்து என்று
ஜன்னலைத் திறந்து சொல்லியிருக்கலாம்.